வீடு சோறு போடுமா?

(மூன்றாம் ஆண்டு இளங்கலைப் பொருளியல் மாணவர் ஒருவர்)

முதியோர் நலம் பற்றி மேடையில் பேசாதவர் நம் நாட்டில் இல்லை. பேசி முடித்து இறங்கியவர்கள் தம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் முதியவரிடம், "மாதச் செலவுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்களா என்பதுதான் ஐயம். நானும் கேட்டதில்லை. அவரே என்னிடம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. தாத்தாவுக்கு வயது 71, பாட்டிக்கு 66. எனக்கு அவர்கள் உறவு அல்ல. ஆயினும் பிறந்ததிலிருந்து தாத்தா, பாட்டி என்றே அழைத்துப் பழகிவிட்டேன். நூற்பாலையில் முப்பது ஆண்டு உழைத்தவர். வைப்பு நிதிப் பணத்தையும் பாட்டியின் நகையையும் போட்டுக் கட்டிய வீடு அது. ஆலைத் தொழிலாளருக்கு வரும் ஓய்வூதியம் எவ்வளவு என்பது பலருக்குத் தெரியாது. வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையை 2014ஆம் ஆண்டில்தான் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயித்தார்கள். தாத்தாவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல், இரண்டாயிரத்தை எட்டாது. பாட்டிக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இனிக் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் மாலை, செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்தார்.

"ஏப்பா, நீ பொருளாதாரந்தானே படிக்கிற? வீட்ட பேங்குல வச்சா, வீட்டுலயும் நாமளே இருந்துக்கிறலாம், மாசாமாசம் பணமும் தருவாகளாம்ல. நெசமா?"

"நெசந்தான் தாத்தா. விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் படித்திருந்தேன், அந்தத் தைரியம்.

'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' என்று அவர்கள் சொல்வதைப் பத்திரிகைகள் தலைகீழ் அடமானம் என்றும், மறு அடமானம் என்றும் விதவிதமாக எழுதுகின்றன. நான் எதிரடமானம் என்றே எழுதுகிறேன். வீட்டுக்கடனில் நாம் வங்கிக்கு மாதத் தவணை கட்டுகிறோம். கடன் குறைந்துகொண்டே வரும். இதில் வங்கி நமக்கு மாதத் தவணை தருகிறது. கடன் ஏறிக்கொண்டே போகும். வேறுபாடு இவ்வளவே. நம் பக்கத்தில் 'ஒத்தி' என்பது குழந்தைக்கும் தெரியும். ஒத்திக்கு வைத்தால் பணம் கொடுத்தவன் வீட்டில் குடியேறுவான், வைத்தவன் வெளியேறுவான். எதிரடமானத்தில் வெளியேற வேண்டுவதில்லை. கணவன், மனைவி இருவரும் கடன்தாரராக இருந்தால், கடைசியாக உள்ளவர் கண்மூடும் வரையில் அவ்வீட்டிலேயே வாழலாம். அதன்பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கே முதல் உரிமை. மறுத்தால் வங்கி விற்கும். கடன் போக மீதமிருந்தால் வாரிசுக்கு. வீட்டு விலையைவிடக் கடன் மிகுந்துவிட்டாலோ, மிகுதிக்காக வாரிசின் கழுத்தில் துண்டு போட முடியாது. இந்தக் கடைசி விதி முதியவர்களுக்குப் பெரிய காவல்.

இது நம் நாட்டுக்கு வந்தது 2007இல். அவ்வாண்டு வரவுசெலவுத் திட்ட உரையில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் இதனை அறிவித்தார். தேசிய வீட்டுவசதி வங்கி வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அடுத்த ஆண்டே, இவ்வாறு பெறும் பணம் கடன்தானே அன்றி வருமானம் அன்று, அதற்கு வருமானவரி இல்லை எனச் சட்டத் திருத்தமும் வந்தது. அமெரிக்காவில் இதன் தொடக்கம் 1961 என்கிறார்கள். மெயின் மாநிலத்துப் போர்ட்லாந்தில் ஒரு சிறு வங்கி அதிகாரி, தமது பள்ளிக்காலக் கால்பந்துப் பயிற்சியாளரின் விதவை மனைவி வீட்டைவிட்டு வெளியேறாமல் வாழ வேண்டும் என்பதற்காக இப்படியொரு கடனை எழுதினாராம். ஒரு குருபத்தினிக்காகப் பிறந்த திட்டம்! பின்னர் 1980களின் இறுதியில் அந்நாட்டு அரசே காப்புறுதி தந்து 62 வயது நிரம்பியவர்களுக்கு இதனை விரிவாக்கியது.

யாருக்குக் கிடைக்கும்? வயது 60 நிரம்ப வேண்டும். தம்பதியர் சேர்ந்து வாங்கினால் ஒருவருக்கு 60 கடந்தும் மற்றவருக்கு 55க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். வீடு அவர்களே சம்பாதித்ததாக, அவர்களே குடியிருப்பதாக, வில்லங்கம் இல்லாததாக இருக்க வேண்டும். கட்டடம் இன்னும் 20 ஆண்டாவது நிற்க வேண்டும். கடைக்கும் கிட்டங்கிக்கும் கிடையாது. வயது ஏற ஏறத் தொகையும் ஏறும். வழிகாட்டு நெறிகளின்படி மாதத் தொகைக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய். அல்லிநகரத்தில் யாரும் அந்த வரம்பில் தலையை இடித்துக்கொள்ளப் போவதில்லை. மருத்துவச் செலவுக்கென ஒரு பகுதியை மொத்தமாகவும் வாங்கலாம். வீட்டின் மதிப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் திரும்பக் கணக்கிட வேண்டும். கையெழுத்திட்ட பின்னும் மனம் மாறினால் மூன்று வேலை நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கேட்கக் கேட்கத் தாத்தாவின் முகம் மலர்ந்தது. "அப்ப இருபது லட்சம் போற வீடு, மாசம் பத்தாயிரமாச்சும் தருமுல்ல?" என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்கிட்டேன். நண்பர்களே, இந்தக் கணக்கைப் பொறுமையாகப் பார்க்க வேண்டுகிறேன். வீட்டின் விலை 20 லட்சம். பதினைந்து ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்ந்து அதில் அறுபது சதவீதம், அதாவது 12 லட்சத்தை எட்டலாம் என்று வங்கி வரம்பு வைப்பதாகக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், மாதந்தோறும் கூட்டுவட்டி. அப்படியானால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? ஏறக்குறைய 2,900 ரூபாய்! பதினைந்து ஆண்டில் கைக்கு வந்து சேர்வது 5 லட்சத்து 21 ஆயிரம். மீதி 6 லட்சத்து 79 ஆயிரமும் வட்டி. காலத்தைப் பத்தாண்டாகக் குறைத்தால் மாதம் 5,850 ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் பத்தாண்டு முடிந்ததும் பணம் நின்றுவிடும். தாத்தாவுக்கு அப்போது 81, பாட்டிக்கு 76. செலவு மிகும் வயதில் வரவு நிற்கும்.

பணம் நின்றாலும் வீட்டைவிட்டு யாரும் எழுப்ப மாட்டார்கள், உண்மை. ஆனால் வட்டி நிற்காது. அந்த 12 லட்சம், ஒரு பைசாகூட மேற்கொண்டு வாங்காமலே, அடுத்த ஐந்தாண்டில் 19 லட்சத்து 74 ஆயிரம் ஆகிவிடும். இருபதாம் ஆண்டில் வீட்டின் இன்றைய விலை முழுவதையும் கடன் தின்றிருக்கும். மனைவிலை ஏறும் என்பீர்கள். ஏறும்தான். 1997இல் தேனி மாவட்டத் தலைநகரானபோது ஏறியது. 2022இல் அகலப் பாதையில் ரயில் மீண்டும் வந்தபோது ஏறியது. விலை ஏறிய பயன் வாரிசுக்கும் வங்கிக்கும் உரியது. மாத்திரை வாங்கும் கைக்கு அது உடனே வருவதில்லை. எங்கள் தெருவில் காகிதக் கணக்கில் இலட்சாதிபதிகளாக இருக்கும் கிழவர்கள் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

வட்டி மட்டுமா செலவு? மூலப்பத்திரம் முதல் இன்றுவரை பத்திரத் தொடர்ச்சி காட்ட வேண்டும். வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். வழக்கறிஞரின் சட்டக் கருத்துக்குக் கட்டணம், மதிப்பீட்டாளருக்குக் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவுக்கு முத்திரைக் கட்டணம். கடன் வாங்கிய பின்னும் நகராட்சிச் சொத்துவரி, வீட்டுக் காப்புறுதி, பழுதுபார்ப்பு எல்லாம் கிழவர் தலையில்தான். அவற்றைத் தவறவிட்டால் கடனைத் திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு. அமெரிக்காவில் வரியும் காப்புறுதியும் கட்டத் தவறி வீட்டை இழந்த முதியோர் பலர். அதன்பின்தான் 2015இல், கடன் கேட்பவரால் இவற்றைக் கட்ட இயலுமா என்று முன்னதாகவே சோதிக்கும் விதியைக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் உறுத்தியது வேறொரு விதி. கடன்தாரர் தொடர்ந்து ஓராண்டு அவ்வீட்டில் வசிக்காவிட்டால் நிரந்தரமாக வெளியேறியதாகக் கருதிக் கடனைக் கேட்கலாம். பாட்டி படுத்த படுக்கையாகிவிட்டால் கம்பத்தில் உள்ள மகள் வீட்டுக்குத்தான் இருவரும் போவார்கள். நம் ஊரில் நோய்க்கும் முதுமைக்கும் மகள் வீடுதானே மருத்துவமனை? விதியை எழுதியவர்களுக்கு இது தெரிந்திராது.

இத்தனையும் சொன்னேன். தாத்தா அசரவில்லை. "மூவாயிரம்னாலும் எம் பணம்ப்பா. எவன்கிட்டயும் கையேந்த வேணாம்ல" என்றார். அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. நியாயமும் அவர் பக்கந்தான்.

இருவரும் ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். முதல் மேசையில் இருந்தவர், "நகைக்கடனா, பயிர்க்கடனா?" என்று கேட்டார். மேலாளர் நல்லவர், உட்காரச் சொன்னார், திட்டம் இருக்கிறது என்றார், இந்தக் கிளையில் யாரும் இதுவரை கேட்டு வந்ததில்லை என்றும் சொன்னார். படிவத்தைத் தேடி எடுக்கவே இரண்டு முறை அலைந்தோம். பிறகு பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டச் சொன்னார்கள். அவர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு பத்து நாளில் சொன்ன பதில்: முடியாது.

ஏன்? வீடு நிற்பது மூன்று சென்ட் இடத்தில். இரண்டு சென்ட், தாத்தா 1988இல் கிரையம் வாங்கியது. ஒரு சென்ட், அவருடைய தகப்பனார் வழி வந்தது. அண்ணன் தம்பிகளுக்குள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டார்களேயன்றிப் பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லை. பட்டாவோ கூட்டுப்பட்டா. அடுக்களையும் கிணற்றடியும் அந்த ஒரு சென்ட்டில்! சுயமாகச் சம்பாதித்த சொத்து என்ற விதி அந்த அடுக்களையில் தடுக்கி விழுந்தது. போடியில் இருக்கும் அண்ணன் மக்கள் விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம் என்றார்கள். ஆளுக்கு எவ்வளவு என்றும் கேட்டார்கள். மூவாயிரம் ரூபாய் மாத வருவாய்க்காக இலட்சக்கணக்கில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது யாரால் ஆகும்?

இந்த இடத்தில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சுயார்ஜிதமான, வில்லங்கமற்ற, இருபதாண்டு நிற்கக்கூடிய, நல்ல விலை போகும் வீடு யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவரிடம் இருக்கிறது. அவருக்கு இந்தக் கடன் தேவையில்லை. தேவைப்படுகிறவனிடம் இருப்பது கூட்டுப்பட்டாவும் நத்தம் நிலமும் ஓட்டு வீடும். சென்னைக்கும் மும்பைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டையை அல்லிநகரத்தானுக்கு மாட்டினால் எப்படிப் பொருந்தும்? திட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் நாடு முழுவதிலும் இதனை நாடியவர் மிகச் சிலர் என்பதில் வியப்பில்லை. 'பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுச்செல்ல வேண்டும் என்ற பாசமே காரணம்' என்று வங்கியாளர்கள் சொல்கிறார்கள். பாசமும் ஒரு காரணந்தான், மறுக்கவில்லை. ஆனால் பாசத்தையும் மீறிப் படியேறி வந்த ஒருவரைப் பத்திரம் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் கண்டேன். முதியோருக்கென்றே பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் ஆகியவற்றைக் குறைந்த கட்டணத்தில் முடித்துக் கொடுக்க வருவாய்த் துறையும் பதிவுத் துறையும் வட்டந்தோறும் முகாம் நடத்தலாம். மாவட்டத்துக்கு ஒரு கிளையிலேனும் இத்திட்டம் அறிந்த அலுவலர் ஒருவர், கணக்கைத் தமிழில் எழுதிக் காட்டுபவர், இருக்க வேண்டும். அமெரிக்காவில் அரசுக் காப்புறுதி பெற்ற இக்கடனை வாங்கும் முன் ஆலோசகர் ஒருவரைச் சந்திப்பது கட்டாயம். இங்கே ஆலோசகர் நான்தான். மூன்றாம் ஆண்டு மாணவன்!

கதை இதோடு முடியவில்லை. தாத்தா வங்கிக்குப் போன செய்தி திருப்பூருக்கு எட்டியது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். "ஊரு என்னய என்னப்பா சொல்லும்? சோறு போடாத மகன்னு காறித் துப்பாதா?" என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். பிறகு சமாதானம் ஆயிற்று. வீட்டைத் தம் பேருக்கு எழுதிவைத்தால் மாதம் 3,000 ரூபாய் தவறாமல் அனுப்புவதாகச் சொன்னார். வங்கி தருவதாகக் கணக்கிட்ட அதே தொகை, வட்டியும் இல்லை. தாத்தாவுக்கு நிம்மதி. தமக்குள்ள உரிமை முழுவதையும் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆறு மாதம் பணம் வந்தது. ஏழாம் மாதம் 1,500. பிறகு நின்றுவிட்டது. அந்த அண்ணனை நான் குறை சொல்லமாட்டேன். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், கம்பெனியில் வாரத்துக்கு நான்கு நாள் வேலை. அவரிடமும் இல்லை. ஆனால் அண்மையில், அந்த வீட்டின்மேல் கடன் எழுப்ப அவரே முயல்கிறார் என்று கேள்விப்பட்டபோது பாட்டி இரவெல்லாம் தூங்கவில்லை.

அதன்பிறகுதான் நூலகத்தில் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2007ஆம் ஆண்டில், எதிரடமானத்தை அறிவித்த அதே ஆண்டில், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமும் வந்தது. அதன் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால் பத்திரத்தைச் செல்லாததாக்க இடம் தருகிறது. தமிழ்நாட்டில் இதனை விசாரிப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர், நமக்குப் பெரியகுளம். வழக்கறிஞர் வைக்கவும் தேவையில்லை. ஆனால் 'நிபந்தனையோடு' என்ற ஒரு சொல் அங்கே நிற்கிறது. நிபந்தனை இருந்ததாக நிறுவப்படாவிட்டால் இப்பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், முதியோர் நலனுக்கான இச்சட்டத்தைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. அங்கே மகன் தனித்தாளில் எழுதித் தந்த உறுதிமொழி தாய்க்குக் கைகொடுத்தது. அவ்வாண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் ஒரு படி மேலே சென்று, அன்பும் பாசமும் கருதி எழுதிய பத்திரத்தில் பராமரிப்பு என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை ஆகும் என்றது.

தாத்தாவின் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். நான்கெல்லை இருந்தது. கதவு எண் இருந்தது. 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்ற வாசகம் இருந்தது. மாதம் மூவாயிரம் என்பதோ, ஆயுள் உள்ளவரை குடியிருக்கலாம் என்பதோ, காப்பாற்ற வேண்டும் என்பதோ ஒரு வரியும் இல்லை. எழுதியவருக்குப் பழகிப்போன வாசகம். அச்சடித்தாற்போல் அதையே எழுதிவிட்டார். அந்த ஒரு வரியைச் சேர்க்க ஒரு பைசா கூடுதல் செலவில்லை. சேர்க்கச் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை; பதிவு அலுவலகத்துக்கு அவர்களோடு போய், வெளியே மரத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் நான். எதிரடமானத்தின் கூட்டுவட்டியை மூன்று தாளில் கணக்கிட்டவனுக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லையே என்பது இன்றும் குத்துகிறது.

மாணவ நண்பர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படியொரு பத்திரம் எழுதப்படும் நாள் வரும். எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறவர்கள் நாம்தாம். அப்போது அந்த வரியை நாமே எழுதச் சொல்லலாம். வாங்குகிறவன் வாயிலிருந்து அது வந்தால் கிழவர்களுக்குச் சங்கடமில்லை.

சென்ற மாதம் கோட்டாட்சியருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மகன்மேல் மனுப் போடுவதா என்று தாத்தா மூன்று நாள் சாப்பிடவில்லை. பாட்டிதான் கைநாட்டு வைத்தாள். விசாரணைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.

காத்திருக்கும் நாளில் பேச்சுவாக்கில் அவருக்கு ஒரு பிரான்சு தேசத்துக் கதை சொன்னேன். அங்கே வீட்டை விற்றுவிட்டு, விற்றவர் சாகும்வரை அதிலேயே வாழ்ந்து, வாங்கியவரிடம் மாதம் ஒரு தொகை பெறும் வழக்கம் உண்டு. ஆர்ல் நகரத்து ழான் கல்மான் என்ற மூதாட்டி 1965இல், தம் 90ஆம் வயதில், ஒரு வழக்கறிஞரோடு இப்படி ஒப்பந்தம் செய்துகொண்டார். மாதம் 2,500 பிராங்கு. கிழவி சில ஆண்டில் போய்விடுவாள் என்று அவர் எண்ணியிருப்பார். முப்பது ஆண்டு பணம் கட்டி, வீட்டு விலையைப்போல் இருமடங்குக்கு மேல் கொடுத்து, 1995இல் அந்த வழக்கறிஞர்தாம் இறந்தார். அதன்பின் அவர் மனைவி கட்டினார். மூதாட்டி 1997இல், 122 வயதில் கண்மூடினார்.

தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். வெகுநாளைக்குப் பின் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு வேட்டியைத் தட்டி எழுந்தவர், திரும்பிக் கேட்டார்.

"வீடு யாரு பேர்ல இருந்துச்சுப்பா?"

"அந்த ஆத்தா பேர்லதான் தாத்தா."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.